போர்டு வாத்தியம்

போன வாரம் பாரிவாக்கத்தில் ஒரு கல்யாணம். ஆர்மோனியம் அடியேன். பூந்தமல்லி வட்டாரத்தில் என் பெட்டிக்கு ஈடு கிடையாது. இதைச் சொல்ல வேறு ஆள் கிடைக்காததால் நானே சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பஞ்சாயத்து போர்டு ஒன்று — பெயர் வேண்டாமே — தன் முத்திரைக்கு ஒரு வாத்தியத்தைத் தேடியது. சமஸ்தானங்களுக்கெல்லாம் யானை, சிங்கம் என்று இருக்கிறதே, நமக்கு ஒன்று வேண்டாமா? நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மெம்பர்கள் முன்னால் உருகி உருகி வாசித்தேன்.

ஜெயித்தது தவில்...

தவில் என்றால் எங்கள் பக்கத்தில் துரைக்கண்ணுதான். அன்றிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். பொய் சொல்வானேன்?

ஆனால் போர்டு குமாஸ்தா ஒரு ரூல் போட்டார் பாருங்கள். சர்க்கார் முத்திரையைச் சொந்த வேலைக்குத் தொடலாமா? தவிலும் அப்படித்தானாம். இனி போர்டு விழாவுக்கு மட்டும். கல்யாணம் காட்சிக்குக் கூடாது.

பாரிவாக்கத்துக் கல்யாணப் பெண்ணின் அப்பா என்னிடம் ஓடிவந்தார். “தவுலு இல்லேன்ட்டாங்க வாத்தியாரே. உன் பெட்டியாவது எத்துகினு வா.”

பெட்டியாவதாம்! சரி, போனேன்.

முன்வரிசையில் துரைக்கண்ணு கைகட்டி உட்கார்ந்திருந்தான். நான் வாசிக்க வாசிக்க, ஜனங்கள் வாசிக்காத அவனையே பார்த்தார்கள். “அவுருதான் போர்டு வாத்தியம்” என்று கிசுகிசுப்பு வேறு.

முகூர்த்தம் வந்தது. மாப்பிள்ளை கையில் தாலி. “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று நாலு பக்கமும் குரல். அபசகுனச் சத்தம் எதுவும் காதில் விழாமல் அமுக்கத்தானே கெட்டிமேளம்? நான் ஒரு கையால் துருத்தியை அடித்து, மறு கையின் ஐந்து விரலையும் சேர்த்து அழுத்தினேன். பெட்டி ஒப்பாரி வைத்தது. மாப்பிள்ளையின் கை அப்படியே நின்றுவிட்டது. பெண் அழ ஆரம்பித்துவிட்டாள்.

“எதுனா பண்ணு நைனா” என்று துரைக்கண்ணுவிடம் கெஞ்சினார் பெண்ணின் அப்பா.

துரைக்கண்ணு எழுந்து என்னிடம் வந்தான். “தவுலத்தான் தொடக் கூடாது. பொட்டியத் தொடக் கூடாதுன்னு ரூல் இல்லியே அண்ணாத்தே?”

நான் வாய் திறப்பதற்குள் என் ஆர்மோனியத்தை இழுத்து மடியில் கவிழ்த்து, இரண்டு கையாலும் விளாசினான். பந்தல் அதிர்ந்தது. தாலி ஏறியது. அப்பா அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். பெட்டி யாருடையது என்று ஒருவராவது கேட்க வேண்டுமே?

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, அதே பெட்டியை, அதே இடத்தில், அதே மாதிரி நானும் தட்டிப் பார்த்தேன்.

‘டொக்’ என்கிறது, நன்றி கெட்ட பெட்டி.