யாருக்கு அந்த ஈயப் பெட்டி

ஈயப் பெட்டி விழுந்த சத்தத்துக்கு முன்னால் கன்னத்தில் அறை விழுந்த சத்தம்தான் எனக்குக் கேட்டது. எங்கள் ஸ்கேன் பிரிவின் தலைமை அக்கா சுவரில் மோதிச் சரிந்தார். வாயெல்லாம் ரத்தம். அடித்தவன் துறைமுகத்தில் லாரி ஓட்டுபவன். அவன் மனைவிக்கு மார்பில் புற்றுநோய். அது எலும்புவரை போயிருக்கிறதா என்று பார்க்காமல் ஆபரேஷன் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பார்ப்பதற்குக் கதிர்வீச்சு மருந்து ஏற்ற வேண்டும். அது வெளிநாட்டு அணு உலையிலிருந்து விமானத்தில் வர வேண்டியது. உலை பழுதென்று நிறுத்திவிட்டார்கள். பாழாய்ப்போன சரக்கு வரவே இல்லை. அவளை இரண்டு முறை உடை மாற்றிக் காக்க வைத்துவிட்டுத் திருப்பி அனுப்பினோம். அக்கா விடவில்லை. கோலாலம்பூரில் உலையே இல்லாமல் சைக்ளோட்ரான் எந்திரத்தில் வேறொரு மருந்து செய்கிறார்கள். யார் யாரிடமோ கெஞ்சி, சண்டை போட்டு, அதில் ஒரே ஒரு ஊசிக்கு ஏற்பாடு செய்தார். அதன் வீரியமோ வழியிலேயே குறைந்துகொண்டு வரும். அன்று எங்கள் தீவுக்கு வரும் பாலத்தில் நெரிசல் வேறு. வேன் வந்ததும் பெட்டியை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். கதிர்வீச்சு படக்கூடாதென்று, அந்தப் பெட்டியோடு யார் பக்கத்திலும் நிற்பதில்லை, பேச்சுக் கொடுப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். வெளியே காத்திருந்த லாரிக்காரன் எழுந்து வந்து, எங்களுக்குத்தானா என்று கேட்டதற்கும் அவர் நிற்கவில்லை.

“எந்தப் பணக்கார டத்தோவுக்குடி தூக்கிட்டு ஓடுற? என் பொண்டாட்டி மட்டும் சாகணுமா?”

தோளைப் பிடித்து இழுத்து அறைந்தான். பெட்டியைப் பிடுங்கித் தரையில் ஓங்கி அடித்தான். மூடி தெறித்து, உள்ளிருந்த குப்பி அவன் காலடியிலேயே உடைந்தது.

“உன் பொண்டாட்டிக்குத்தான்டா, பாவி!” என்று அக்கா தரையிலிருந்து கத்தினார்.

எனக்கு அவனைக் கொன்றுவிடும் வெறி. சட்டையைப் பிடித்து முகத்திலேயே குத்தினேன். இன்றுவரை அதில் வருத்தமில்லை. “தொடாத தம்பி! அவன் மேல மருந்து தெறிச்சிருக்குலா!” என்று அக்கா என்னை விலக்கினார்.

அடுத்த ஊசி கிடைக்கும்வரை ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். அக்கா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். நான் பெட்டியோடு நடக்கும்போது, யாருக்கு அந்த மருந்தோ அவர் பெயரைத் தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு போகிறேன். புதிதாக வந்தவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்கள் அன்று அங்கே இல்லை.

அன்று நான் விலகியபோது அவன் அழ ஆரம்பித்திருந்தான். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது அக்கா, “முகத்துல வைக்காத! கையெல்லாம் மருந்து!” என்று அதட்டினார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடியே நின்று அழுதான். அப்போதுதான், ஊசிக்காக உடை மாற்றிக்கொண்டு உள்ளே காத்திருந்த அவன் மனைவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“மருந்து வந்துருச்சாக்கா?” என்று கேட்டாள்.