நண்டு வண்டிக்கு மண்டபத்து இன்ஜின்

போன வாரம் எங்கள் அடுக்குமாடியில் கரண்ட் போய்விட்டது. கீழே வாட்ச்மேன் ஜெனரேட்டரைப் போட்டார். அது நன்றாக இருமி, கரும்புகையைக் கக்கிவிட்டுத்தான் கிளம்பியது. பக்கத்து வீட்டு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தினார். நான் காய்ந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு பால்கனியிலேயே நின்றுவிட்டேன். டீசல் புகை வந்தால் எனக்கு நாதஸ்வரம் கேட்கும், கூடவே சாம்பார் மணக்கும். சிரிக்காதீர்கள், அதற்குக் காரணம் இருக்கிறது.

2007 வாக்கில் நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுண்ட்டரில் நின்றுகொண்டிருந்தேன். பேரிங், ஃபேன் பெல்ட், ஆயில் சீல் விற்கிற கடை. தேய்ந்த பேரிங்கைக் காட்டினால் நம்பர் பார்க்காமலே புதுசை எடுத்துக் கொடுப்பேன். அதனால் சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு இன்ஜினே அத்துப்படி என்று ஒரு பேர். மருந்துக்கடைக்காரரை டாக்டர் என்று நம்புகிற மாதிரிதான். நானும் அந்தப் பேரைக் கெடுத்துக்கொள்ளவில்லை. யாராவது வண்டி புகைகிறது என்று வந்தால், கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்துவிட்டு, "நாசில பாருங்க" என்பேன். பாதி சமயம் டீசலைப் பீய்ச்சுகிற அந்த நாசிலிலேயே கோளாறு இருந்து என் மானத்தைக் காப்பாற்றும்.

அக்கா வீட்டுக்காரர் அந்தோணி மாமா அப்படியல்ல. அவருக்கு நிஜமாகவே மிஷின் தெரியும். குவைத்தில் பல வருஷம் லோடர் ஓட்டியவர். லீவுக்கு வருவார், வீட்டுச் சோறு உடம்பில் ஒட்டுவதற்குள் கிளம்பிவிடுவார். ஒரு கட்டத்தில் போதும் என்று ஊரோடு வந்து, இருந்ததையெல்லாம் போட்டு, சென்னையில் ஏலத்துக்கு வந்த ஒரு சின்ன லோடரை வாங்கினார். அந்த வண்டியை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். அதற்கு ஸ்டியரிங் கிடையாது. இடது கைக்கு ஒரு லீவர், வலது கைக்கு ஒரு லீவர். இடது லீவர் இடப்பக்கத்துச் சக்கரங்களை ஓட்டும், வலது லீவர் வலப்பக்கத்துச் சக்கரங்களை. இரண்டையும் சேர்த்துத் தள்ளினால் நேராகப் போகும். இடதை மட்டும் தள்ளினால் வண்டி வலப்பக்கம் திரும்பும், வலதை மட்டும் தள்ளினால் இடப்பக்கம். மண்ணை அள்ளுவது, கொட்டுவது எல்லாம் காலால். முன்னால் தூக்கிக்கொண்டு நிற்கும் இரண்டு இரும்புக் கைகளைப் பார்த்துவிட்டு, மாமா குடியிருந்த கடலோரத்துப் பிள்ளைகள் அதற்கு நண்டு வண்டி என்று பேர் வைத்தார்கள். நாளாக ஆக மாமாவே அதை நண்டு என்றுதான் சொன்னார்.

நண்டுக்குக் குடிகாட்டுப் பக்கம் ஒரு ரசாயனக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே கிடங்கில் உப்பு மலையாகக் கொட்டிக் கிடக்கும். அதை அள்ளித் தொட்டியில் போட வேண்டும். உப்பு சும்மா இருக்குமா? ரேடியேட்டரை அரித்தது, தண்ணீர் கசிந்தது, ஒருநாள் இன்ஜின் கொதித்து அப்படியே இறுகிப்போனது. திறந்து பார்த்தால் பிளாக்கிலேயே விரிசல். புது இன்ஜின் கேட்டால் மாசக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள். கிடங்கைப் பார்த்துக்கொண்ட ஸ்டோர்ஸ் சார் நல்ல மனுஷர்தான், ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருக்கிறார்களே. "வர்ற திங்கக்கெழம வண்டிய ஓட்டிக் காட்டு அந்தோணி. இல்லன்னா பாண்டியிலேந்து வேற வண்டி வந்துடும்" என்று சொல்லிவிட்டார்.

போனது ஒரு வேலை மட்டும் என்றால் பரவாயில்லை. பண்ருட்டியில் ஒரு ஏஜென்ட் குவைத் விசாவோடு தயாராக இருந்தார். நண்டு எழுந்திருக்காவிட்டால் மாமா திரும்பவும் விமானம் ஏற வேண்டியதுதான், வேறு வழியில்லை. ஸ்டெல்லா அக்கா வழக்கம்போல வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை போட்டிருந்தால்கூட எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒருநாள் நான் போனபோது முறத்தில் இறால் காய்ந்துகொண்டிருந்தது. மாமா குவைத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் அவள் போட்டுக்கொடுக்கிற ஊறுகாய்க்கு. "என்னக்கா, முடிவே பண்ணிட்டியா?" என்றேன். "போறவரு வெறுங்கையோடயா போவாரு" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். எனக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது.

வேறு எதற்கும் உதவாத என் கவுண்ட்டர் அந்த நேரத்தில் உதவியது. சிதம்பரத்திலிருந்து பெல்ட் வாங்க வரும் பாஷா பாய் ஒரு மெக்கானிக். பேச்சுவாக்கில் அவரிடம் புலம்பினேன். அவர் ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தில், சத்தம் போடாத புது ஜெனரேட்டர் வந்துவிட்டதால், பழையதைக் கழற்றி ஓரங்கட்டி வைத்திருப்பதாகச் சொன்னார். "அதோட இன்ஜின் நம்ம வண்டிக்குப் பொருந்தும். பொருந்தலன்னா பொருந்த வெக்கிறேன்" என்றார். எனக்கு அந்த இரண்டாவது வாக்கியம்தான் பிடித்திருந்தது.

நானும் மாமாவும் பஸ் ஏறிப் போனோம். மண்டபத்தில் யாருக்கோ கல்யாணம். மேனேஜர் எங்களைக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போனார். பந்தல் துணியைப் போர்த்திக்கொண்டு இன்ஜின் உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் பல ஆயுத பூஜைகளின் சந்தனமும் குங்குமமும். அவர் பழைய சாமானை விற்கிறவர் மாதிரியே பேசவில்லை, பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவர் மாதிரி பேசினார். "இது ஒரு முகூர்த்தத்தையும் கைவுட்டதில்ல சார். தாலி கட்ற நேரத்துல கரண்ட் போனாலும் லைட்டு கண் சிமிட்டாது" என்றார். எங்களுக்காக அங்கே வந்திருந்த பாய் அதைக் கிளப்பிக் காட்டினார். புகை குபுகுபுவென்று வந்தது. உள்ளே நாதஸ்வரம், பக்கத்தில் சமையல்கட்டில் சாம்பார் கொதி. மாமா புகையைப் பார்த்தார், ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். நான் நாசில் முகத்தை வைத்துக்கொண்டு தலையாட்டினேன். "மச்சானே சொல்லிட்டாரு, அப்பறம் என்ன" என்றார் மாமா. அந்த மேனேஜர் எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. யார் கல்யாணம் என்று தெரியாமலே பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டோம்.

செத்த இன்ஜினை இறக்கியது மாமா வீட்டு வாசலில். பக்கத்து வீட்டுத் தர்மன் கடலுக்குப் போகிறவர், படகு இன்ஜின்களைக் கழற்றி மாட்டிப் பழக்கப்பட்ட கை. பனங்கட்டைகளை முக்காலி மாதிரி நட்டு, செயின் பிளாக் மாட்டி இன்ஜினை மேலே தூக்கிவிட்டார். இன்ஜினோடு பம்ப்பும் வந்தது. அந்தப் பம்ப்பிலிருந்துதான் ரப்பர் குழாய்கள் வழியாக எண்ணெய் போய்ச் சக்கரங்களைச் சுழற்றும். குழாய்கள் வண்டியின் வயிற்றுக்குள் நுழைந்து மறைந்துவிடும். எது இடப்பக்கத்துக்கு, எது வலப்பக்கத்துக்கு என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால் தர்மன் பொறுப்பாக, படகுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சைப் பெயின்ட்டை எடுத்துவந்து, ஒரு பக்கத்துக் குழாய்களில் மட்டும் 'வ' என்று எழுதிவைத்தார். ஒரு பக்கம் தெரிந்தால் மறுபக்கம் தானே தெரிந்துவிடும் இல்லையா. நாங்களும் மெச்சிக்கொண்டோம்.

இன்ஜின் இல்லாத நண்டை லாரியில் ஏற்றி சிதம்பரத்துக்குக் கொண்டுபோனோம். பாய் பட்டறை ஒரு சந்து. வண்டியை உள்ளே தள்ளினால் பக்கவாட்டில் ஆள் நுழைவதே கஷ்டம். கடைக்கு லீவு போட்டுவிட்டு நானும் அங்கேயே கிடந்தேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன், டீ வாங்கி வருவேன், நடுநடுவே தலையாட்டுவேன். மண்டபத்து இன்ஜின் பழையதைவிட நீளம். கால்களை வெட்டி வேறு கால் வெல்டிங் வைத்தார்கள். இன்ஜினையும் பம்ப்பையும் சேர்க்க லேத்தில் ஒரு தட்டு கடைந்தார்கள். ரேடியேட்டரைத் தட்டினால் அட்சதை அரிசி கொட்டியது. ஜெனரேட்டராக இருந்தபோது அதற்கு ஒரே வேகம்தான் பழக்கம், லோடருக்கு அது போதாது. பாய் ஸ்பிரிங்கை மாற்றி வேகத்தைக் கூட்டினார். "இதுவரைக்கும் கல்யாணத்துக்கு ஓடுச்சு, இனிமே கூலிக்கு ஓடணும். கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் ஓடட்டும்" என்றார். எல்லாம் முடிந்து பார்த்தால் பின்கதவு சாத்தவில்லை. கம்பி போட்டுக் கட்டிவிட்டோம்.

கிளப்பியதும் ஒரே போடில் எழுந்தது. மாமா சந்துக்குள்ளேயே முன்னால் போனார், பின்னால் வந்தார். அங்கே அதற்குத்தான் இடம். பாய் எனக்குக் கை கொடுத்தார், எதற்கென்று தெரியவில்லை. லாரியில் பலகை போட்டு ஏற்றும்போது மட்டும் மாமா, "கொஞ்சம் மொரண்டு புடிக்குது மச்சான்" என்றார். "புது இடமில்ல, பழகிடும்" என்றேன்.

திங்கட்கிழமை குடிகாட்டில் ஸ்டோர்ஸ் சார் கிடங்கு வாசலிலேயே நாற்காலி போட்டு, டீயும் கையுமாக உட்கார்ந்திருந்தார். எதிரே உப்பு மலை, வலப்பக்கம் தொட்டி, இடப்பக்கம் சார். மாமா நேராகப் போய் உப்பை அள்ளினார், பின்னால் வந்தார். அழகு. வலப்பக்கம் திரும்புவதற்காக இடது லீவரைத் தள்ளினார். நண்டு இடப்பக்கம் திரும்பி, வாயில் உப்போடு, சாரைப் பார்த்துப் பாய்ந்தது. சார் எழுந்த வேகத்தில் நாற்காலி மல்லாந்தது. மாமா லீவரை விட்டுவிட்டார், வண்டி நின்றது. சார் கையில் டம்ளர் இருந்தது, டீ இல்லை. "என்னய்யா இது?" என்றார். முறத்தில் காய்ந்த இறால்தான் என் கண்ணில் நின்றது. போயிற்று, ஏஜென்ட்டுக்குப் போன் பண்ண வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

மாமா வலது லீவரைத் துளி அசைத்துப் பார்த்தார். இடது லீவரைத் துளி அசைத்துப் பார்த்தார். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே மாற்றி, வலது கையால் இடது லீவரையும் இடது கையால் வலது லீவரையும் பிடித்துக்கொண்டார். நண்டு சமர்த்தாக வலப்பக்கம் திரும்பியது. தொட்டியில் உப்பு விழுந்தது. அடுத்த நடை, அதற்கடுத்த நடை. பெரியவர்கள் முன்னால் கை கட்டி நிற்கிறவர் மாதிரியே உட்கார்ந்து ஓட்டினார். எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

சார் மெதுவாகக் கிட்டே வந்தார். "அதென்ன கைய அப்படி வச்சிருக்க?"

"கல்ஃப்ல இப்படித்தான் சார். கை வெளிய நீட்டாது பாருங்க. சேஃப்டி."

அந்தக் கம்பெனியில் சுவருக்குச் சுவர் பாதுகாப்பு பாதுகாப்பு என்று எழுதிப் போட்டிருப்பார்கள். அந்த ஒரு வார்த்தையில் சார் குளிர்ந்துவிட்டார். டிராக்டர் ஓட்டுகிறவரைக் கூப்பிட்டு, "பாத்துக்க. சேஃப்டின்னா இது" என்றார். அன்றைக்கே வேலை உறுதியானது. மாமா கீழே இறங்கியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "போவ வேணாம் மச்சான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதுவரை நான் மூச்சை எங்கே வைத்திருந்தேன் என்றே தெரியவில்லை, அப்போதுதான் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பாய் வந்தார். மாமா வீட்டு வாசலில் பஞ்சாயத்து.

"வ-ன்னு போட்டிருந்தா வலதுதான? அதான் வலப்பக்கம் மாட்டுனேன்" என்றார் பாய்.

"வாடைய்யா அது" என்றார் தர்மன். "வண்டி கடலப் பாத்து நின்னுச்சு. வாடப் பக்கத்து டியூப்புக்கு வ போட்டேன்."

அங்கே கடலுக்குப் போகிறவர்களுக்கு வடக்கு என்றால் வாடை, அந்தக் காற்றின் பேரில். படகு எப்படித் திரும்பினாலும் வாடை வாடைதான். இடது வலது எல்லாம் கரையில் இருக்கிறவர்களுக்கு. கிழக்கே கடலைப் பார்த்து நிற்கும் வண்டிக்கு வாடைப்பக்கம் என்றால் இடப்பக்கம். ஒரே எழுத்து, இரண்டு பேரும் தெளிவாகவே படித்திருக்கிறார்கள்.

"எங்க சந்துல வாடைய நான் எங்க போயித் தேடறது?" என்றார் பாய்.

"ஏன், உங்க ஊருல வடக்கு வீதின்னே ஒண்ணு இருக்குதே" என்றார் தர்மன்.

அக்கா வாசலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அந்த இறால் ஊறுகாயை அன்றைக்குப் பகல் சாப்பாட்டில் நாங்களே தீர்த்தோம். குழாய்களையும் அன்றே மாற்றிவிட்டார்கள். அதற்குள் மாமாவின் கை குறுக்கே பழகிப்போய், கொஞ்ச நாள் தொட்டியை விட்டுவிட்டுச் சுவரைத் தேடிப் போனார். ஸ்டோர்ஸ் சாருக்குத்தான் வருத்தம், ஏன் சேஃப்டியை விட்டுவிட்டாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

நண்டு இப்போது இல்லை. 2011 கடைசியில் அடித்த புயலில் அதன்மேல் மரம் விழுந்து, எடைக்குப் போய்விட்டது. மாமா வேறு வண்டி வாங்கிவிட்டார். பாயின் பட்டறைச் சந்தில் செல்போன் கவர் தொங்குகிறது. அந்த மண்டபத்தை இடித்து ஜவுளிக்கடை கட்டிவிட்டார்கள். தர்மனின் மகன் கையளவு கருவியில் திசை பார்த்துக்கொண்டு கடலுக்குப் போகிறான். இதெல்லாம் போனதில் எனக்கு வருத்தம் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் போனதில் ஒன்று மட்டும் போகட்டும் என்றுதான் இருக்கிறது. நான் வேலை பார்த்த கடைக்கு எதிரே ஒரு ஐ.எஸ்.டி. பூத் இருந்தது. வளைகுடாவில் வெள்ளிக்கிழமை லீவு. அன்றைக்குச் சாயங்காலம் அந்த வாசலில் பெண்களாக நிற்பார்கள். மாமா குவைத்தில் இருந்த வரைக்கும் அக்காவும் நிற்பாள். கண்ணாடிக் கதவுக்குள் போய்ப் பேசிவிட்டு வெளியே வருவாள், முகம் ஒரு மாதிரி இருக்கும். நான் கவுண்ட்டரிலிருந்து பார்ப்பேன். என்னக்கா என்றால், "லைன் சரியில்லடா" என்பாள்.

போன மாதம் ஊருக்குப் போனபோது அக்கா, மாமா, நான் மூன்று பேருமாக அந்தத் தெருவில் நடந்தோம். "அக்கா, அந்த பூத்து இங்கதான இருந்துச்சு?" என்றேன்.

"எந்த பூத்து?"

"வெள்ளிக்கெழம வந்து நிப்பியே."

நின்று யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், எனக்காக நடிக்கவில்லை. "அங்க எப்பவும் ஜூஸ் கடதான்டா இருக்கு" என்றாள். அதற்குள் கடைக்குள் போய்விட்ட மாமாவைப் பார்த்து, "ஏங்க, உங்களுக்குச் சக்கர இல்லாம சொல்லுங்க" என்று அதட்டிக்கொண்டே படியேறினாள்.