சிடியின் அடியில் ஒரு கோடு

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஓய்ந்திருந்த ஒரு புதன்கிழமை, தி.நகரில் ஒரு நகைக்கடையில் நடந்தது இது. கடையின் பெயரை எழுதவில்லை. எழுதினால் எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கும், ஆனால் என் மனைவி வேண்டாம் என்கிறாள். இன்றைக்கும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

அந்தக் கடையில் தோடு கவுன்ட்டரில் என் மனைவிக்குப் பல வருட வேலை. வேலை செய்கிறவர்களை நம்புவது என்பதே அங்கே கிடையாது. சாப்பாட்டைக் கண்ணாடி மாதிரி உள்ளே எல்லாம் தெரிகிற பிளாஸ்டிக் பையில்தான் கொண்டுபோக வேண்டும். என் வீட்டில் அன்று கத்தரிக்காயா, கருவாடா என்று வாசல் காவலாளி முதல் அத்தனை பேருக்கும் தெரியும். உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் சோதனை உண்டு. கைபேசி கூடாது. கடை முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். கணக்கு வெளியே போய்விடும் என்று பயந்து, அலுவலக அறைக் கணினியில் பென்டிரைவ் செருகும் இடத்தையெல்லாம் அவர் பிசின் வைத்து அடைத்துவிட்டாராம். எதையாவது எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றால் சிடியில்தான் எழுதிக் கொடுப்பார்கள். இந்தக் காலத்தில் சிடியா என்று நான் எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன்.

அந்தப் புதன்கிழமை கடை மூடும்போது கணக்குப் பார்த்ததில் அவள் தட்டில் ஒரு ஜோடித் தோடு குறைந்தது. அடுத்த நிமிடமே மேனேஜர், அதாவது அண்ணாச்சியின் அக்கா மகன், அத்தனை பெண்களையும் வரிசையாக நிற்கவைத்து, அவர்கள் நடுவில் என் மனைவியின் பையை மேஜைமேல் கொட்டியிருக்கிறான். டிபன் பாக்ஸ், சீப்பு, மாத்திரை அட்டை, இன்னும் என்னவெல்லாம் ஒரு பெண்ணின் பையில் இருக்குமோ அது எல்லாம். தோடு இல்லை. அதோடு விட்டானா? பெண் ஊழியர் ஒருவரை விட்டு உடை மாற்றும் அறையில் அவளைச் சோதனை போடச் சொன்னான். அங்கேயும் இல்லை. அப்புறம் அலுவலக அறைக்குப் போய் வெகு நேரம் கழித்து வந்து, ஒரு சிடியை அவள் கையில் கொடுத்திருக்கிறான்.

"கேமராவுல எல்லாம் இருக்கு. வீட்டுக்காரர்கிட்ட போட்டுக் காட்டு. நாளைக்கு இந்த சிடியோட, நான்தான் எடுத்தேன்னு எழுதின லெட்டரும் வரணும். இல்லேன்னா ஸ்டேஷன்தான்."

வீட்டுக்காரரிடம் போட்டுக் காட்டு! திருடி என்று சொன்னது போதாதாம், அதைப் புருஷனும் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம்.

அவள் வீட்டுக்கு வந்து சிடியை அரிசி டப்பாமேல் வைத்தாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நடந்ததைச் சொல்லிவிட்டு, "நீ போட்டுப் பாரு. நான் பாக்க மாட்டேன்" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

என் மாமியார் நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கிறவர். விஷயம் காதில் விழுந்ததும் வந்துவிட்டார். தெரு முழுக்கக் கேட்டது அவர் குரல்.

"இன்னாடி சொன்னான் அவன்? மீன்காரி பொண்ணுன்னா கை நீளும்னு நெனச்சிக்கினானா? வா, இப்பவே போலாம். கட வாசல்ல கூடைய வச்சிக்கினு குந்திர்றேன். எவ நக வாங்க வர்றான்னு பாக்கறேன்!"

அவரைப் பிடித்து உட்காரவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் உள்ளுக்குள், இவர் போய் உட்கார்ந்தால்தான் என்ன என்று எனக்கும் தோன்றாமல் இல்லை.

எங்கள் வீட்டில் சிடி போட்டுப் பார்க்க வசதி கிடையாது. இன்றைக்கு யார் வீட்டில்தான் இருக்கிறது? ஆனால் என் வேலையிடத்தில் உண்டு. ஈக்காட்டுத்தாங்கலில் இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் நான் இயந்திரங்களைப் பராமரிக்கிறேன். அங்கே இருப்பதெல்லாம் பழைய வெளிநாட்டு இயந்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிடி வந்திருக்கும். அது கீறிப்போனால் இயந்திரமும் படுத்துவிடும். அதனால் எந்த சிடி கையில் வந்தாலும் உள்ளே இருக்கும் கோப்புகளை மட்டும் எடுக்காமல், சிடியை முதலில் இருந்து கடைசிவரை அப்படியே ஒரே கோப்பாகப் பிரதி எடுத்துவைப்பது எங்கள் பழக்கம். அதை இமேஜ் என்போம். தேவைப்பட்டால் அந்த இமேஜிலிருந்து புது சிடி எழுதிக்கொள்ளலாம். இதற்கு இலவச மென்பொருளே இருக்கிறது. எங்கள் பட்டறை முதலாளி காசு கொடுத்து மென்பொருள் வாங்குகிற ஆள் இல்லை என்பதால் நான் தேடிப் பிடித்தது. அந்த இணையப் பக்கத்தில் பச்சையாகப் பெரிதாக மின்னுகிற பொத்தானை அமுக்கினால் வேண்டாத சனியனெல்லாம் வந்து கணினியில் உட்கார்ந்துகொள்ளும். ஓரமாகப் பொடி எழுத்தில் இருப்பதுதான் அசல்.

மறுநாள் காலை பட்டறை திறந்ததும் சிடியைப் போட்டேன். ஒரே ஒரு வீடியோ இருந்தது. மொத்தமே நாலைந்து நிமிடம்தான். சத்தம் கிடையாது. கவுன்ட்டரில் என் மனைவி தனியாக நிற்கிறாள். முன்னால் தோடுத் தட்டு. இடமும் வலமும் பார்க்கிறாள். கை தட்டுப் பக்கம் போகிறது. அப்புறம் இடுப்புப் பக்கம் போகிறது. வீடியோ முடிந்துவிட்டது.

அவள் கைக்குட்டையை இடுப்பில்தான் செருகுவாள். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். ஆனால் அவளைத் தெரியாதவன் இதைப் பார்த்தால் என்ன நினைப்பான்? அப்போது வந்த கோபத்தில் மேஜையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினேன். பக்கத்து இயந்திரத்துக்காரர் ஓடி வந்தார். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டேன்.

சிடியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் நாளைக்கு இவன்கள் எதை வேண்டுமானாலும் சொல்வான்கள், நம்மிடமும் ஒன்று இருக்கட்டும் என்று நினைத்து, வழக்கம்போல் இமேஜ் எடுக்கலாம் என்று சிடியை வெளியே எடுத்தேன். கீறல் இருக்கிறதா என்று அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பது என் கைப்பழக்கம். பார்த்தால், உள்வட்டத்திலிருந்து கிட்டத்தட்டப் பாதி தூரம் வரை நிறம் மாறியிருந்தது. எழுதிய இடம் அப்படித்தான் தெரியும். அதற்கப்புறம் மெல்லிசாக ஒரு கோடு. கோட்டைத் தாண்டி ஒல்லியாக இன்னொரு பட்டை.

நாலைந்து நிமிட வீடியோவுக்கு அந்த ஒல்லிப் பட்டையே போதும். அப்படியானால் உள்ளே இருக்கும் அகலமான பட்டை என்ன?

இந்த வகை சிடியில் ஒரு தடவை எழுதியதை அழிக்க முடியாது. இடம் இருந்தால் அதற்கப்புறம் மேலும் எழுதலாம், அவ்வளவுதான். அப்படி எழுதும்போது பழையதைச் சேர்க்காமல் விட்டால், கணினியில் போட்டதும் கடைசியாக எழுதியது மட்டும் தெரியும். பழையது போய்விட்டதாகத் தோன்றும். போகாது. எங்கேயும் போகாது. அங்கேயேதான் கிடக்கும்.

மென்பொருளைத் திறந்தேன். சிடியில் இரண்டு முறை எழுதியிருப்பதாகக் காட்டியது. முதல் முறை எழுதியதை மட்டும் தனி இமேஜாக எடுத்துத் திறந்தேன். அதே கேமரா, அதே கவுன்ட்டர், அரை மணி நேரத்துக்கும் மேலே ஓடுகிற வீடியோ.

என் மனைவி ஒரு வாடிக்கையாளப் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். நகைப்பெட்டி எடுக்கப் பின்னால் இருக்கும் அலமாரிப் பக்கம் திரும்புகிறாள். அந்தப் பெண் பணம் கட்டும் பக்கம் நடக்கிறாள். மேனேஜர் வருகிறான். தட்டிலிருந்து ஒரு ஜோடித் தோட்டை எடுக்கிறான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறான், சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறான், போய்விடுகிறான். அவள் திரும்பும்போது அங்கே யாரும் இல்லை. அதற்கு அப்புறம்தான் அவள் இடமும் வலமும் பார்ப்பதும், தட்டை நகர்த்திவிட்டுக் கைக்குட்டையை இடுப்பில் செருகுவதும்.

அந்த இமேஜை ஒன்றுக்கு மூன்றாகப் புது சிடிகளில் எழுதினேன். எழுதி முடிக்கிற வரை அந்த டிரைவ் சுற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒன்றை மாமியாரிடம் கொடுத்து வைத்தேன். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

மதியம் மனைவியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். மேனேஜர், லெட்டர் எங்கே என்று கையை நீட்டினான். அண்ணாச்சியிடம்தான் கொடுப்போம் என்று சொல்லி நேராக அவர் அறைக்குள் போனோம். அவனும் பின்னாலேயே வந்தான். அண்ணாச்சி மேஜையில் இருந்த கணினியில் நானே புது சிடி ஒன்றைப் போட்டேன்.

வீடியோ ஓடியது. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். நான் அந்தப் பயலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி அவனைப் பார்க்கவே இல்லை. திரையில் வாடிக்கையாளரிடம் சிரித்துக்கொண்டிருந்த தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏல, நான் அந்த நேரத்துல உள்ளதெல்லாம் அப்படியே சிடியில போட்டுக் குடுன்னுதான சொன்னேன்?" என்றார் அண்ணாச்சி. "இது ஏம்ல எங்கிட்ட காட்டல?"

"வீட்ல காட்டலாம்னுதான் அந்த ஜோடிய எடுத்தேன் மாமா. மறந்தே போச்சு."

மறந்து போச்சாம்! தோட்டைச் சட்டைப் பையில் போட்டதை மறந்தவனுக்கு, அது தெரிகிற இடத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை எழுதுவது மட்டும் மறக்கவில்லை. அவன் எடுத்தால் மறதி. என் மனைவி எடுத்தாள் என்றால் ஸ்டேஷன். நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். என் மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணாச்சி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குரல் இறங்கிவிட்டது அவருக்கு. "தம்பி, உக்காருங்க. கடைக்குள்ள நடந்தது, நாமளே பேசி முடிச்சிக்கிடுவோம். அக்கா மவன், வெளிய தெரிஞ்சா குடும்பத்துக்கே அசிங்கம். ஏம்மா, நீ நாளைக்கே வேலைக்கி வந்துரு. உனக்கு என்ன செய்யணுமோ நான் செய்றேன்" என்றார்.

அவர் குடும்பத்துக்கு அசிங்கமாம். என் குடும்பம் என்ன, கடையில் விற்காமல் கிடக்கிற சரக்கா? போலீசுக்குப் போகலாம் வா என்றேன். அவள் என்னைப் பேசவிடவில்லை.

"எனக்கு ஒண்ணும் வேணாம் அண்ணாச்சி" என்றாள். "எல்லார் எதிர்லயும்தான என் பையக் கொட்னாரு? எல்லார் எதிர்லயும் சொல்லணும். அது போதும்."

அந்தக் கடையில் தினமும் காலையில் திறந்ததும் ஊழியர்கள் எல்லோரும் லட்சுமி படத்துக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். கற்பூரம் காட்டிய பிறகுதான் வியாபாரம். அங்கே சொல்கிறேன் என்று அண்ணாச்சி ஒத்துக்கொண்டார்.

மறுநாள் நான் கடைக்கு வெளியே ஒரு ஜூஸ் கடை ஓரத்தில் நின்றேன். உள்ளே நடந்தது அவள் சொல்லித்தான் தெரியும். கற்பூரம் காட்டி முடித்ததும் அண்ணாச்சி, "முந்தாநாள் ஒரு தப்பு நடந்து போச்சி. இந்தப் பிள்ள மேல குத்தம் ஒண்ணும் இல்ல" என்றாராம். அவ்வளவுதான். எல்லோரும் கவுன்ட்டருக்குப் போங்கள் என்று கையைக் காட்டினாராம். அந்தப் பயல் கைபேசியை நோண்டிக்கொண்டு ஓரமாக நின்றிருக்கிறான்.

என் மனைவி நகரவில்லை. "யார் எடுத்தாங்கன்னு சொல்லலியே அண்ணாச்சி" என்று கேட்டிருக்கிறாள். அவர் கல்லாப் பக்கம் நடந்துவிட்டாராம். அதற்கப்புறம் அவளே அந்தப் பெண்கள் பக்கம் திரும்பிச் சொல்லியிருக்கிறாள்.

"தோடு மேனேஜர் சட்டப் பாக்கெட்லதான் இருந்துது. சிடி அண்ணாச்சி ரூம்ல கீது. யாருக்கு டவுட்டோ போய்ப் பாத்துக்கோங்க."

சொல்லிவிட்டுக் கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றித் தோடு கவுன்ட்டர்மேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். ரங்கநாதன் தெரு கூட்டத்துக்குள் என் பின்னால் நடந்து வரும்போதுதான் அழுதாள். இடித்துக்கொண்டு போன யாரும் அதைக் கவனிக்கவில்லை.

இப்போது மயிலாப்பூரில் ஒரு வெள்ளிக் கடையில் இருக்கிறாள். சின்னக் கடை, நல்ல மனிதர்கள். பையைச் சோதிக்கும் வழக்கமெல்லாம் அங்கே கிடையாது. ஆனாலும் சாயங்காலம் நான் அழைத்துவரப் போகும்போது பார்க்கிறேன். வாசலைத் தாண்டுகிற இடத்தில் அவள் நின்று, பையைத் திறந்து கல்லாவில் இருப்பவர் பக்கம் காட்டுகிறாள். "எதுக்கும்மா இதெல்லாம், போய்ட்டு வா" என்று அவர் சொல்கிறார். மறுநாளும் காட்டுகிறாள்.

அந்தப் பயல் இன்னும் அதே கடையில் மேனேஜராக இருக்கிறான் என்று கேள்வி. மேலே ஒன்றை எழுதிவிட்டால் கீழே இருப்பது போய்விடும் என்று அவன் நினைத்தான். குத்தம் இல்லை என்று ஒரு வரி சொன்னதோடு தீர்ந்தது என்று அண்ணாச்சியும் நினைத்தார். யாரும் கேட்காமலே என் மனைவி பையைத் திறந்து காட்டும்போதெல்லாம், அந்த ஒரு வரிக்கு அடியில் அந்தப் புதன்கிழமை துளிகூட அழியாமல் கிடப்பது எனக்குத் தெரிகிறது, அதே கோபம் முதல் நாள் வந்த மாதிரியே வருகிறது.