மேட்டு லயத்துக் குரல்கள்

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் தொழிலில் நாய் துரத்தாத நாளே நல்ல நாள் என்று, அலைந்து கால் வீங்கிய சக பாவிகளான உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு, கண்டவர் குரலையெல்லாம் பேசிக்காட்டி அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்த எனக்கு, றக்வானைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் குடிதண்ணீரை ஆராய வந்த பல்கலைக்கழக மிஸ் வேலை கொடுத்தார். மிஸ்ஸுக்குச் சிங்களம்தான், நான் மொழிபெயர்க்க வேண்டும். எங்கே தண்ணீர் மோசம் என்று தெரிந்தால் அங்கேதான் முதலில் புதுக்குழாய்.

கூட வந்த ஐயா

முதல் நாள் வழிகாட்ட, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் பீல்ட் ஒபிசர் ஐயா வந்தார். வாசலுக்கு வாசல், "ம்ம், மிஸ் கேக்குறதுக்குப் பதில் சொல்லு!" அந்தக் கரகரப்பை எழுத்தில் காட்ட முடியாதது உங்கள் நட்டம். எல்லாரும் உடனே பேசச் சரி என்றார்கள். வேலை சீக்கிரம் முடியுமே என்று எனக்குக் கொண்டாட்டம்.

மிஸ்ஸுக்கு முகம் சரியில்லை. ஐயாவை மரியாதையாக ஆபீசுக்கு அனுப்பிவிட்டு, முதல் வீட்டிலிருந்து திரும்பக் கேட்கவைத்தார்: விருப்பமில்லையென்றால் பேச வேண்டாம், அதற்காக யாரும் வேலையில் கைவைக்க மாட்டார்கள். மாரியாயி அக்கா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தார். "வேணாம்னும் சொல்லலாமா? அப்பன்னா ஒக்காருங்க, எல்லாத்தையும் சொல்றேன்."

கடைவாசல்

வீட்டில் சொன்னது வெளியே போகாது என்று ஒவ்வொருவரிடமும் வாக்குக் கொடுத்திருந்தோம். சந்திக் கடையிலோ, "அடியே, செல்வி என்ன சொன்னா? அவ மாதிரியே பேசிக்காட்டு!" என்று ஒரே நச்சரிப்பு. வாய் அரித்தது. அடக்கிக்கொண்டு, பஸ் கண்டக்டரையும் பள்ளிக்கூட மணியையும் கோயில் மைக்கையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன். கடை முதலாளி, சிங்களவர், 'தங்கச்சி'யை மட்டும் சிங்களத்தில் வைத்துக்கொண்டு தமிழில் அலுத்துக்கொண்டார்: "நங்கி, ஒன் வயித்துல இருக்கிற கதைய எடுக்க ஸ்கேன்தான் பண்ணணும்!"

மழைநாள் யோசனை

மலைமேல் இருக்கும் வீட்டு வரிசையான மேட்டு லயம் மட்டும் பாக்கி. மழையில் பாதை சரிந்துவிட்டது. தேயிலைக்குள் புகுந்து அட்டைக்கடியோடு ஏற வேண்டும். மிஸ் டவுனில். எங்களோடு வந்து போனில் பேச்சைப் பதிவுசெய்யும் ரவி அண்ணன் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒதுங்கி நின்று யோசனை சொன்னார்: "புள்ள, நீதான் எல்லார் மாதிரியும் பேசுவியே. மேட்டு லயத்து ஆளுங்களையும் நீயே பேசு, நான் ரெக்கோட் பண்றேன். யாருக்குத் தெரியப்போகுது?"

சும்மா ஒரு இருமல் தாத்தாவை எடுத்துவிட்டேன்: "மலையிலேருந்து பீலில விழுற தண்ணி... லொக்... நல்லாத்தாங்க இருக்கு." அண்ணன் சிரித்துப் புரண்டார். எனக்குப் பாதியில் சிரிப்பு நின்றது. "அண்ணே, குரல் அவங்களோடது. ஆனா நான் சொன்ன தண்ணி நம்ம கீழ் லயத்துத் தண்ணி. இதக் குடுத்தா அவங்களுக்குக் குழாய் வராது." அண்ணன் என்னைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். "சரி சரி, அட்ட ஏறாம கால்ல சவுக்காரத்தத் தேச்சுக்க. ஏறுவோம்."

திரும்பி வந்த மிஸ்

மேலே பீலியே இல்லை. மண்சரிவு அடித்துப் போயிருந்தது. மாட்டுக்கொட்டிலுக்குக் கீழே ஓடும் ஓடைத் தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகளெல்லாம் வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தார்கள். ஒரு தாத்தா இருமாமல், கணீரென்று எல்லாவற்றையும் சொன்னார்.

ஆராய்ச்சி முடிந்ததும் மிஸ் நேரே அங்கேதான் ஏறி வந்து, கண்டறிந்ததை அவர்களிடமே சொன்னார். இப்போது அங்கே குழாய் பதிக்கக் கான் வெட்டுகிறார்கள். மிஸ் ஏறி வந்த அன்று அந்தத் தாத்தா சொன்னது: "கேட்டுட்டுப் போனவங்க நெறைய பேரு. திரும்பி வந்து சொன்னவங்கள இப்பத்தாங்க பாக்குறோம்."

யார் குரலையும் என்னால் எடுத்துவிட முடியும். அவர்கள் சொல்லப்போகும் பதிலுக்கு மட்டும் அட்டைக்கு இரத்தம் கொடுத்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது.