டேப் அக்கா லேப்டாப் பார்க்கிறாள்

இரும்பு டேப்பை இழுத்து லேப்டாப்பின் மேல் வைத்தாயிற்று. நீளம் நாற்பது சென்டிமீட்டர். அகலம் முப்பதுக்கு இரண்டு மில்லிமீட்டர் குறைவு. அடுத்து மூடியைத் திறந்து, திரையைப் பின்னால் சாயும் மட்டும் சாய்த்து, மேசையிலிருந்து அதன் உச்சிவரை இன்னொரு அளவு. கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவி, ஒரு துண்டுத்தாளில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள்.

"மேடம், போன வாரமும் இதைத்தான் அளந்தீங்க. அதுக்குள்ள ஒண்ணும் வளந்திருக்காது" என்றார் விற்பனையாளர்.

"இருக்கட்டும். பெட்டியில போட்டிருக்கறது கம்பெனிக்காரன் கணக்கு. இது என் கணக்கு."

இந்தக் கடைக்கு அவள் வருவது இது ஐந்தாவது வாரம். விலையைப் பற்றிக் கேட்டது முதல் நாள், அதுவும் ஒரே முறை. மற்றதெல்லாம் அளவுதான். கடையில் அவளுக்கு 'டேப் அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது அவள் காதிலும் விழுந்தது. கோபித்துக்கொள்ளவில்லை. "பேரு வெச்சீங்க சரி, டீ வெச்சீங்களா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவள் வந்து உட்கார்ந்ததும் டீ வந்துவிடுகிறது.

கட்டட வரைபடம் போடுவது அவள் தொழில். என்ஜினியர்கள் கிறுக்கித் தருவதை ஒழுங்கான கோடாக்கித் தருகிறவள். சுவரும் தூணும் குழாயும் அவள் கம்ப்யூட்டரில் எழும்பிய பிறகுதான் மண்ணில் எழும்பும். இருபத்திரண்டு வருடம் இதையே செய்தால் கண் சும்மா இருக்குமா? யார் வீட்டுக்குப் போனாலும், 'வாங்க, உட்காருங்க' முடிவதற்குள் எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்துவிடுவாள். "பாத்ரூம் கதவு உள்பக்கமாத் தொறக்குதே, உள்ள யாராவது மயங்கி விழுந்தா எப்படித் தொறப்பீங்க?" என்று கேட்டு, புது வீடு கட்டின சந்தோஷத்தில் இருந்த ஒரு தம்பதியின் முகத்தைத் தொங்கப்போட வைத்த பெருமை அவளுக்கு உண்டு. தங்கையின் பிரசவத்துக்குப் போன இடத்தில் ஆஸ்பத்திரி நடைவழியை அடிவைத்து அளந்துகொண்டிருந்தாள். "ரெண்டு ஸ்ட்ரெச்சர் எதிரெதிரே வந்தா ஒண்ணு பின்னாடி போகணும், பாத்தீங்களா?" என்று தங்கை வீட்டுக்காரரிடம் சொல்லி முடித்த பிறகுதான், பெண் குழந்தை பிறந்திருக்கிற சேதியே அவள் காதில் ஏறியது.

இப்படிப்பட்டவள் ஒரு லேப்டாப்புக்காக ஐந்து வாரம் நடையாய் நடக்கிறாள் என்றால் அது ஆசையால் அல்ல. அவள் வீட்டு மாடி அறையில் கம்ப்யூட்டர் இருக்கிறது. கீழே முன்னறைக் கட்டிலில் அவள் கணவர் இருக்கிறார். நடுவில் பதினான்கு படி.

கணவர் கட்டட வேலையில் சூப்பர்வைசராக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. கூப்பிடுவதற்கென்று கட்டில் பக்கத்தில் ஒரு மணி வைத்திருக்கிறாள். அவர் அதைத் தொடுவதே இல்லை. அவள் வேலை கெட்டுவிடுமாம். ஒரு நாள் சாயங்காலம்தான் அவள் கவனித்தாள். காலையில் நிரப்பி வைத்த தண்ணீர் ஜாடி வைத்தபடியே இருந்தது. தண்ணீர் குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க வேண்டுமானால் அவளைக் கூப்பிட வேண்டும். ஆகவே மனிதர் குடிப்பதையே குறைத்துக்கொண்டுவிட்டார்! கேட்டதற்கு, "தாகமே எடுக்கலையே" என்று சிரித்தார். சிறுநீரகத்தில் கல் சேர ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் திட்டினார். திட்டு வாங்கியது இவள்தான். அன்றைக்கு முடிவெடுத்தாள், வேலையோடு கீழே இறங்கிவிட வேண்டும், அவர் கண் எதிரே உட்கார வேண்டும் என்று.

மாடிக் கம்ப்யூட்டரைக் கீழே கொண்டுவந்தால் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அறை பத்துக்கு ஒன்பது. கட்டில், மருந்து அலமாரி, பிறகு சக்கர நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம். அந்த அறையைப் பதினோரு விதமாக வரைந்து பார்த்தாள். கைக்குட்டை அளவு மனையில் மூன்று படுக்கையறை அடக்கிக் காட்டுகிற கெட்டிக்காரிக்கு, தன் வீட்டில் ஒரே ஒரு மேசைக்கு இடம் கண்டுபிடிக்க முடியவில்லை. லேப்டாப் என்றால் வேலை முடிந்ததும் மூடி அலமாரியில் வைத்துவிடலாம். ஆனால் அவள் வேலையைச் சாதாரண லேப்டாப் தாங்காது.

தாங்குகிற ஒன்று இந்தக் கடையின் கடைசி மேசையில் இருந்தது. பதினெட்டு அங்குலத் திரை. வலது பக்கம் எண்களுக்கென்று முழுசாக ஒரு தனி வரிசை. அவள் கை அதில்தான் பார்க்காமலே அளவுகளைத் தட்டும். படம் வரையத் தனியாக ஒரு சில்லு, அறுபத்து நான்கு ஜிபி நினைவகம், சூட்டை வெளியே தள்ள மூன்று விசிறி. முதல் நாள் அவள் பையிலிருந்து பென் டிரைவை எடுத்தபோது விற்பனையாளர் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அதற்குள் ஆறு மாடி ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது, அவளுடைய இரண்டு வருட உழைப்பு. மாடிக் கம்ப்யூட்டரில் அதைத் திறக்கச் சொல்லிவிட்டு அவள் கீழே இறங்கி, துணி காயப்போட்டு, திரும்பி ஏறி வந்தாலும் அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தப் பழக்கத்தில், இங்கேயும் தட்டிவிட்டு நாற்காலியைத் தள்ளி எழுந்தாள்.

"மேடம், எங்க போறீங்க? தொறந்துடுச்சே!"

அவள் நின்றபடியே பார்த்தாள். பிறகு மெதுவாக உட்கார்ந்தாள். மவுஸைத் திருப்பினாள். ஆறு மாடியும் அவள் கைக்குத் திரும்பியது, ஒரு திணறல் இல்லை, ஒரு தயக்கம் இல்லை. கூரையை நீக்கினாள். நீலத்தில் தண்ணீர்க் குழாய், சிவப்பில் மின்கம்பி, எல்லாம் ஒரே நேரத்தில். அவளுடைய பழைய கம்ப்யூட்டரில் ஒன்றைக் காட்டினால் மற்றதை மறைத்தாக வேண்டும். வாசல் வழியாக உள்ளே போனாள். படி ஏறினாள். நான்காம் மாடி நடைவழியில் சன்னல் வெளிச்சம் தரையில் விழுந்து கிடந்தது. அந்தச் சன்னலின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் அவளுக்குத் தெரியும். அதிலிருந்து வெளிச்சம் விழும் என்பதை அன்றுதான் பார்த்தாள்.

"அம்மாடியோவ்!" என்றாள். வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

பின்னால் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். விற்பனையாளரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பத்து வருடமாக இந்த மாதிரி மெஷின் விற்கிறார். வருகிறவர்கள் ஒரு விளையாட்டைப் போட்டுப் பார்ப்பார்கள், இரண்டு கார்கள் மோதும், வாங்கிக்கொண்டு போவார்கள். "இதுக்கு இவ்வளவு தெரியும்னு எனக்கே தெரியாது மேடம்" என்றார்.

"இத்தனை வருஷம் நான் கட்டை வண்டி ஓட்டிட்டு இருந்திருக்கேன்" என்றாள் அவள்.

வியப்பு ஒரு பக்கம் இருக்க, விசாரணை விடுமா? இரண்டாவது வாரம் எடை. லேப்டாப்பை ஒரு கையிலும் சார்ஜரை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு கடையின் மாடிப்படியில் இரண்டு தடவை ஏறி இறங்கினாள். வாசலில் இருந்த காவலாளி பதறி எழுந்துவிட்டார். "சார்ஜரோட அஞ்சு கிலோ நெருங்குதே. செங்கல்லு ஒண்ணு இலவசமாக் கொடுக்கறீங்களா?" என்று கேட்டாள். மூன்றாவது வாரம் சூடு. அடிப்பக்கத்தின் நான்கு மூலையிலும் உள்ளங்கையை வைத்து எண்ணினாள். நாற்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை. "லேப்டாப்னு பேரு வெச்சவன் இதை மடியில வெச்சே பாத்திருக்க மாட்டான்."

"இது லேப்டாப்பே இல்ல மேடம். மூடி போட்ட டெஸ்க்டாப்பு" என்றார் விற்பனையாளர். பேட்டரி முழு வேலையில் ஒன்றேகால் மணி நேரம் கூடத் தாங்கவில்லை. அதற்கும் அவள் அசரவில்லை. கட்டிலிலிருந்து பிளக் பாயிண்ட் இரண்டடிதான், அதையும் அளந்தாயிற்று.

நான்காவது வாரம்தான் இடி விழுந்தது. "ஏசியை நிறுத்துங்க, அந்த டிவியை எல்லாம் நிறுத்துங்க" என்றாள். கடை அமைதியானதும் ஆஸ்பத்திரி முழுவதையும் நிழலும் வெளிச்சமுமாகப் படமாக்கச் சொல்லி மெஷினை விரட்டினாள். மூன்று விசிறியும் சீறிக்கொண்டு கிளம்பின. ஓவென்று ஒரே இரைச்சல். அவள் முகம் விழுந்துவிட்டது. கணவருக்குப் பகலில்தான் கொஞ்சம் கண் அயரும், அதுவும் அரை அரை மணி நேரமாக. குழாய் சொட்டினால் கூட விழித்துக்கொள்கிறார் என்று முன்னறைச் சுவர்க் கடிகாரத்தையே கழற்றிப் பெட்டிக்குள் வைத்தவள் அவள். இந்த அசுரனை எப்படி அந்த அறைக்குள் கொண்டுபோவது?

சத்தமே வராத ஒல்லியான ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். அது அழகாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி வரை திறந்து, அப்படியே உறைந்து நின்றுவிட்டது. அன்று அவள் டீயைக் குடிக்காமலே போய்விட்டாள்.

இன்று திரும்ப வந்திருக்கிறாள். அளந்ததெல்லாம் அளந்த பிறகு, "எனக்கு ஒரு உதவி வேணும்" என்றாள். "அஸ்திவாரம் தோண்டறதுக்கு முன்னாடி தரையில சுண்ணாம்புக் கோடு போட்டுப் பாப்போம். அப்படி ஒண்ணு பண்ணணும். இந்த இரைச்சலை போன்ல பிடிச்சுட்டுப் போறேன். அரை மணி நேரம் யாரும் பேசக்கூடாது."

கடையில் யாருக்கும் மறுக்கத் தோன்றவில்லை. மெஷினுக்கும் தனக்கும் நடுவில் சரியாக மூன்றடி விட்டு, போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றடிதான் கட்டில் தலைமாட்டுக்கும் அவள் உட்காரப்போகிற இடத்துக்கும் தூரம். நடுவில் யாரோ ஒருவர் வந்து ஹெட்போன் விலை கேட்க, ஐந்து பேர் ஒரே நேரத்தில் "உஷ்!" என்றார்கள். போனில் இருந்த சத்தம் அளக்கும் செயலியில் எண் எவ்வளவு என்றும் பார்த்துக் குறித்துக்கொண்டாள்.

மதியம் இரண்டரை மணிக்கு வீட்டில் கணவர் கண்ணை மூடிக் கிடந்தார். அவள் அதே தூரத்தில் தரையில் உட்கார்ந்து, அதே எண் வரும்வரை சத்தத்தைக் கூட்டி, போனை ஓடவிட்டாள். ஓவென்ற இரைச்சல் அறையை நிறைத்தது. பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற மாதிரி அவர் இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். புருவம் கூட அசையவில்லை. இருபதாவது நிமிடம் ஒரு குறட்டைச் சத்தம். இரண்டு வருடத்தில் அவள் கேட்கிற முதல் குறட்டை.

அரை மணி முடிந்து போன் நின்றது. அவர் சட்டென்று கண்ணைத் திறந்தார்.

"ஏன் நிறுத்திட்டாங்க?"

"என்னது?"

"மிக்ஸர்..." என்றவர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெட்கமாகச் சிரித்தார். "சைட்டுல மத்தியானம் ஷெட்டுல சாய்வேன்ல. காங்கிரீட் மிக்ஸர் ஓடற வரைக்கும் வேலை நடக்குதுன்னு அர்த்தம். நிம்மதியாத் தூங்குவேன். அது நின்னாத்தான் திக்குன்னு முழிப்பு வரும்."

"அப்போ சத்தம் உங்களுக்கு..."

"இந்த வீட்டுல சத்தம் எங்க இருக்கு? கடிகாரத்தைக் கூடக் கழட்டிட்டியே."

"நீங்க தூங்கணும்னுதானே கழட்டினேன்!"

"தெரியும். பாத்துப் பாத்துப் பண்றவகிட்ட எப்படிச் சொல்றது, இந்த அமைதிதான் என்னைத் தூங்க விடலைன்னு?"

அட கடவுளே! உலகத்துக் கதவையெல்லாம் அளந்தவள், இந்த ஒன்றை அவரிடம் வாய்விட்டுக் கேட்டதே இல்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெஷினைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் சூப்பர்வைசர் அல்லவா, குறுக்கு விசாரணை செய்தார்.

"ஆறு மாடியும் தொறக்குதா?"

"ஆறும்."

"பைப் லைனோடயா?"

"கரண்ட் லைனும் சேத்து. நான் எந்திரிக்கறதுக்குள்ள தொறந்துடுச்சுங்க."

"யப்பா!" என்றார். பிறகு கேட்டார். "சரி, எங்க உக்காந்து போடுவ?"

"இங்கதான், தரையில. குட்டி ஸ்டூல் ஒண்ணு வெச்சு."

"எட்டு மணி நேரமா? உன் இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

அவள் பதில் சொல்வதற்குள் அவர் இரண்டு முழங்கையையும் மெத்தையில் ஊன்றினார். அவளுக்குப் புரியவில்லை. உடம்பை ஒரு விரற்கடை சுவர்ப் பக்கமாக இழுத்தார். மூச்சு வாங்கியது. இன்னொரு விரற்கடை. பதறி எழுந்து கை நீட்டியவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். தோள் சுவரில் முட்டும்வரை நகர்ந்து, கால் இரண்டையும் கையாலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு, காலியான இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"இங்க உக்காரு. குறுக்க ஒரு பலகை போட்டுக்கலாம்."

அவள் கட்டிலில் ஏறி, அவர் காலுக்குப் பக்கத்தில் தன் காலை நீட்டி உட்கார்ந்து, போனை எடுத்து அந்த இரைச்சலை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.