நிலாவெளிக் கடலில் ஓர் அலுமாரிக் கதவு

எழுபதுகளின் கடைசி. கம்பஸ் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தோம். நிலாவெளியில் வெள்ளைக்காரப் பொடியன்கள் பலகையில் ஏறி நின்று அலையோடு வருவதை நானும் என் நண்பனும் ஒரு வாரமாகப் பார்த்து வயிறெரிந்தோம். கடல் எங்களுடையது, சவாரி அவர்களுடையதா? எங்களிடம் பலகைதான் இல்லை.

நண்பன் வீட்டில் ஒன்று இருந்தது. அவனுடைய அக்காவின் கல்யாணத்துக்குச் செய்த முதிரை மரத்து அலுமாரி. அதன் கதவில் பெரிய கண்ணாடி. ஒருநாள் பின்னேரம் மாப்பிள்ளை வீட்டார் சீதனச் சாமான் பார்க்க வரவிருந்தார்கள். அன்று காலை அம்மாவும் அக்காவும் மத்தியானப் பூசை வரைக்குமென்று கோயிலுக்குப் போனதும் கதவைக் கழற்றினோம். அலுமாரியைப் போர்வையால் மூடிவிட்டு, கதவை பஸ்ஸின் மேல் ஏற்றினோம்.

"தம்பியவை, ஆரின்ரை வீட்டை உடைச்சுக்கொண்டு போறியள்?" என்றார் கொண்டக்டர்.

"இது வள்ளம் அண்ணை," என்றான் நண்பன்.

"கண்ணாடி வைச்ச வள்ளமோ? மீன் முகம் பார்த்துத் தலையிழுக்கவோ?"

பஸ்ஸே சிரித்தது.

நிலாவெளியில் இறங்கினோம். வெள்ளைக்காரருக்கு முன்னால் விழுந்து எழும்ப வெட்கம். கதவைத் தலையில் தூக்கிக்கொண்டு வடக்கே நடந்தோம். ஆளில்லாத கரைகள். இப்படியொரு மணல் வேறெங்கே இருக்கிறதென்று எவனாவது காட்டட்டும், பார்ப்போம். ஒரு வளைவு முழுக்கத் தாழம்புதர். அதைத் தாண்டினால் வெறும் வெள்ளை, எங்கள் காலடியைத் தவிர ஒரு தடம் இல்லை. தூரத்தில் புறாத்தீவு தண்ணீரில் மிதக்கிற மாதிரிக் கிடந்தது. கதவின் பாரமே மறந்துபோனது.

ஒரு பாறை ஓரமாக அலை அழகாகச் சுருண்டு விழுந்தது. நண்பன் கதவில் குப்புறப் படுத்தான், நான் தள்ளினேன். அலை வந்தது. நண்பன் கரைக்கு வந்தான். கதவு வரவில்லை. முதிரையும் கண்ணாடியும் சேர்ந்தால் மிதக்காது என்பது விஞ்ஞானம் படிக்கிற இரண்டு பேருக்கும் அப்போதுதான் உறைத்தது.

"கதவு எங்கையடா?" என்றேன்.

"நீதானேடா தள்ளினனீ!" என்ற நண்பன் கடலைப் பார்த்தான்.

"அக்கான்ரை கலியாணம் குழம்பிச்சுதெண்டால் நான் வீட்டை போக ஏலாது மச்சான்." அவன் அழும் நிலையில் இருந்தான்.

பாறையில் ஏறிப் பார்த்தேன். என்ன தண்ணீர் அது! இரண்டு ஆள் ஆழத்தில் அடி மணலின் நெளிவுகூடத் தெரிந்தது. ஓரிடத்தில் பளிச்சென்று ஒரு துண்டு வானம் கிடந்தது. கண்ணாடிதான். அதற்கு மேலே சின்ன மீன்கள் கூட்டமாக நின்று தங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. வேறு கடலாயிருந்தால் கதவு போனதுதான். மாறி மாறி மூழ்கி, இழுத்து இழுத்துக் கரை சேர்த்தோம். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை.

ஒரு லொறியைக் கெஞ்சி ஏறி வந்து, அம்மாவும் அக்காவும் கோயிலால் திரும்புவதற்குள் கதவை அலுமாரியில் பொருத்திப் பூட்டிவிட்டோம். பின்னேரம் வந்த மாப்பிள்ளை வீட்டார் அலுமாரியைத் தடவிப் பார்த்து, நல்ல மரம் என்று சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் அக்கா கதவில் விரலால் கோடிழுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு. எங்கை கொண்டுபோனியள்?"

சொன்னோம். அடி விழும் என்றுதான் நின்றோம்.

"அடி மணல் தெரியிற தண்ணியோ?"

"ஓம் அக்கா."

"இந்த ஊரிலை பிறந்தும் நான் அந்தப் பக்கம் போனதில்லை. நாளைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ. இல்லாட்டி அம்மாட்டைச் சொல்லுவன்."

மறுநாள் அந்தப் பாறையில் ஏறிக் குந்திய அக்கா, நாங்கள் கூப்பிடக் கூப்பிட இறங்கவேயில்லை.