பதினேழாம் எண் பேருந்தும் திறக்காத டப்பாவும்

பதினேழாம் எண் பேருந்தின் நடத்துநருக்கு 'விசில் அக்கா' என்று பெயர். அவள் ஊதினால் பேருந்து மட்டுமா நிற்கும், மூன்று தெரு தள்ளிப் போகிற சைக்கிளும் நிற்கும். சிரித்தாலோ நிறுத்தத்துக் கூரையிலிருக்கும் புறாக்கள் அத்தனையும் பறந்துவிடும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். அந்தச் சிரிப்பு அதற்குத் தகும்.

பதினேழுக்கு வந்த இரண்டே வருஷத்தில் அது காணாமல் போயிற்று. அந்தத் தடத்தின் இரண்டு முனையிலும் கழிப்பறை கிடையாது. ஓட்டுநர் ஏதாவது சுவரைப் பார்த்து நின்றுவிட்டு வந்துவிடுவார். இவளுக்கு அந்த வசதியைக் கடவுள் கொடுக்கவில்லை. ஆகவே காலையில் ஏறினால் சாயங்காலம் இறங்கும்வரை வாயைக் கட்டினாள். ஒரு டீ, இரண்டு பிஸ்கட், நாக்கு நனையுமளவு தண்ணீர். மகள் கட்டிக்கொடுத்த டப்பா போன மாதிரியே வீடு திரும்பும்.

"என் சமையல் அவ்வளவு மோசமாம்மா?"

"வாயை மூடிட்டுப் போ."

பழைய அக்காவாக இருந்தால் இதற்கு வீடு அதிரச் சிரித்திருப்பாள். இப்போது மகளிடம் எரிந்து விழுந்தாள், பயணிகளிடம் சீறினாள், காரணமில்லாமல் அழுதாள். ஒருநாள் நண்பகலில் ஒரு பெரியவர், "அடுத்த நிறுத்தம் எதும்மா?" என்று கேட்டார். விசிலை வாயில் வைத்தவள் எடுக்கவே இல்லை. ஊதிக்கொண்டே இருந்தாள். பேருந்து பதினோரு தடவை நின்றது. கடைசியில் ஓட்டுநர் எழுந்து வந்து விசிலை வாங்கிக்கொள்ள, அவள் படிக்கட்டில் உட்கார்ந்து விம்மினாள்.

"மூளை குழம்பிடுச்சு. டாக்டரைப் பாருங்க. சரியாகலேன்னா வேலை கிடையாது" என்றார் பணிமனை மேலாளர். வீட்டில் அடுப்பெரிவதும் மகள் படிப்பதும் அந்த ஒரு வேலையால்தான்.

மனநல மருத்துவர் அவளுடைய பால்யத்தையெல்லாம் கிளறவில்லை. "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்றுதான் கேட்டார்.

சொன்னாள். ஏன் அவ்வளவுதான் என்பதையும் சொன்னாள்.

"எலிக்கே அது பத்தாதேம்மா."

ரத்தத்தைச் சோதித்ததில் இரும்புச்சத்தும் இல்லை, பி12-ம் இல்லை. "எல்லாமே வெறும் வயித்தாலன்னு சொல்லமாட்டேன். ஆனா முதல்ல அங்கேருந்து ஆரம்பிப்போம்" என்று மாத்திரை கொடுத்து, பணிமனைக்கு ஒரு கடிதமும் எழுதினார்: நண்பகலில் சாப்பிட வேண்டும், வழித்தடத்தில் கழிப்பறை வேண்டும்.

மேலாளர் படித்தார். "மாத்திரை சரி. கக்கூஸ் நம்ம இலாகா இல்லை."

குணமாகும்வரைக்கும் இருக்கட்டுமென்று, பயணிகள் தவறவிட்ட பொருள்களைக் காக்கும் அறையில் அவளை உட்காரவைத்தார். குடைகள், ஒற்றைச் செருப்புகள், யாரோ மறந்துபோன பல் செட். பத்தடியில் கழிப்பறை. பன்னிரண்டரைக்கு டப்பாவைத் திறந்தாள். பருப்பு, கீரை, முட்டை, மிச்சமில்லாமல்.

"டப்பாவையாவது விட்டு வெச்சியே" என்றாள் மகள்.

மூன்றாம் மாதம் சிரிப்பு வந்துவிட்டது. குடைகள் தாமாக விரிந்துகொண்டன என்று காவலாளி இன்றைக்கும் சொல்கிறார். மாடியிலிருந்த மேலாளர் காதிலும் அது விழுந்தது. இறங்கி வந்தார்.

"அட, குணமாயிட்டீங்களே! திங்கட்கிழமையிலிருந்து பதினேழுக்குப் போங்க."

"சார், கழிப்பறை...?"

"அதான் சரியாயிட்டீங்களேம்மா. இன்னும் எதுக்கு?"

திங்கட்கிழமை சாயங்காலம் அம்மா நீட்டிய டப்பாவை மகள் வாங்கித் தூக்கிப் பார்த்தாள். காலையில் கொடுத்த அதே கனம். தன் சமையலைப் பற்றி இந்தத் தடவை அவள் எதுவும் கேட்கவில்லை.